ஊகத்துக்கும் வட்டி கட்ட வேண்டுமா?

இன்று ஜூன் 14, சனிக்கிழமை. நாளை 15. வருமான வரியின் முதல் தவணை நாள். இந்த 2025-ல் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டதால் திங்கட்கிழமை கட்டினாலும் பாதகமில்லை. கடைசி நாளில் வங்கி மூடியிருந்தால் அடுத்த வேலை நாளில் கட்டுபவரிடம் வட்டி கேட்கக்கூடாது என்று 1994-லேயே மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அந்த ஒரு நாள் தயவுக்கு நன்றி சொல்லிவிட்டு, மற்ற விஷயத்தில் சண்டை போடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் என் தங்கை மகன் வந்திருந்தான். அரியலூரில் நான்கு லாரி வைத்து ஓட்டுகிறான். சுண்ணாம்புக்கல், சிமெண்ட் மூட்டை, அறுவடைக் காலத்தில் பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோள லோடு. நாற்காலியில் உட்காராமலேயே கேட்டான்: "மாமா, மார்ச் வரைக்கும் நான் எவ்வளவு சம்பாதிப்பேன்னு இப்பவே கணக்குப் போட்டு அதுல பதினஞ்சு பர்சென்ட் கட்டணுமாமே? ஆடிட்டர் போன வருஷம் வரைக்கும் இதைச் சொல்லவே இல்லையே?"

சொல்லமாட்டார். நம் ஊரில் கணக்கு எழுதித் தருகிறவர்கள் பலருக்கு வருமான வரி என்பது ஜூலை மாத வியாபாரம். ரிட்டர்ன் போடும்போது "வட்டி கொஞ்சம் வருது" என்று ஒரு தொகையையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த வட்டி எதற்கு, எப்படித் தவிர்க்கலாம் என்று யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பிடித்தம் போக வருடத்துக்கு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி கட்ட வேண்டி வரும் எவரும் அதை வருடம் முடிவதற்குள்ளேயே கட்டிவிட வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் மொத்தம் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். தவறினால் குறைந்த தொகைக்கு மாதம் 1 சதவீதம் வட்டி, அதுவும் மூன்று மூன்று மாதமாக. வருடம் முடிந்தும் பத்து சதவீதத்துக்கு மேல் பாக்கி நின்றால் ஏப்ரல் முதல் இன்னொரு 1 சதவீதம் தனியாக ஓடும். முதல் தவணையில் 12 சதவீதமும் இரண்டாவதில் 36 சதவீதமும் கட்டியிருந்தால் மன்னிப்பு உண்டு. அவ்வளவுதான் மன்னிப்பு.

சம்பளக்காரனுக்கு இந்தத் தலைவலி இல்லை. நான் 37 வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தேன். (திருச்சி மாவட்டம், பெரம்பலூர் மாவட்டம், அரியலூர் மாவட்டம், மறுபடி பெரம்பலூர், மறுபடி அரியலூர் என்று பலகைதான் மாறியது. கோப்புகளும் கரையானும் மாறவில்லை.) சம்பளப் பட்டியலிலேயே பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மார்ச்சில் என் கையில் எவ்வளவு இருக்கும் என்று என்னை யாரும் ஊகிக்கச் சொன்னதில்லை. தன் கையை நம்பிப் பிழைப்பவனைத்தான் ஊகிக்கச் சொல்கிறார்கள். ஊகம் தப்பினால் வட்டி.

நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே இலக்கண வகுப்பில் "ஃபுதூர் ஆந்தேரியேர்" என்று ஒரு காலம் சொல்லிக் கொடுப்பார்கள். எதிர்காலத்தில் ஒரு நாள் முடிந்துபோயிருக்கப் போகிற செயலைச் சொல்லும் காலம். "நான் சம்பாதித்திருப்பேன்" என்பது மாதிரி. பத்து வயதில் அது எதற்கு உபயோகம் என்று புரியவில்லை. இப்போது புரிகிறது, அட்வான்ஸ் டாக்ஸ் அந்தக் காலத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மருமகன் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். பத்து வாகனத்துக்கு மேல் இல்லாத லாரிக்காரருக்கு 1961-ம் வருட வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ என்ற பிரிவு இருக்கிறது. கணக்குப் புத்தகம் வேண்டாம், பில் வேண்டாம். 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வாகனம் என்றால் மொத்த எடையில் ஒரு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் லாபம் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இவனுடைய லாரி ஒவ்வொன்றும் 28 டன். ஒரு லாரிக்கு மாதம் 28,000. வருடத்துக்கு 3,36,000. நான்கு லாரிக்கு 13,44,000. முன்பெல்லாம் எந்த லாரியானாலும் மாதம் 7,500 என்றுதான் இருந்தது, அதாவது வருடத்துக்கு 90,000. 2018-ம் வருட நிதிச் சட்டம் அதைக் கனரக லாரிக்கு டன் கணக்காக மாற்றியது. ஒரே சட்டத் திருத்தத்தில் ஒரு லாரியின் லாபம் மூன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. லாரியின் வாடகை அப்படி ஏறியதா என்று அரியலூர் பைபாஸில் நிற்கிற எந்த டிரைவரையும் கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லாரி ஓடிய மாதத்துக்கு என்று சட்டம் சொல்லவில்லை, அது அவன் பெயரில் இருந்த மாதத்துக்கு என்று சொல்கிறது. ஐப்பசி மழையில் சுரங்கத்தில் தண்ணீர் நின்று லோடு இல்லாமல் கிடந்தாலும் மாதம் 28,000. இன்ஜின் இறக்கி ஒர்க்‌ஷாப்பில் ஒன்றரை மாதம் கிடந்தாலும் 28,000. மாதத்தில் ஒரு நாள் வைத்திருந்தாலும் முழு மாதம்தான். இல்லை, எனக்கு லாபம் குறைவு என்று சொல்ல வேண்டுமானால் கணக்குப் புத்தகம் எழுதித் தணிக்கை செய்ய வேண்டும். அந்தத் தணிக்கைக் கட்டணத்துக்கே ஒரு டயர் வாங்கலாம்.

இதுவும் போகட்டும். என் சண்டை லாபத்தை எவ்வளவு என்று நிர்ணயித்ததைப் பற்றியல்ல. அதற்குப் பிறகு வருவதைப் பற்றி.

கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கு 44ஏடி என்று ஒரு பிரிவு. ரொக்க வியாபாரம் என்றால் விற்பனையில் 8 சதவீதம் லாபம். டாக்டர், வக்கீல், இன்ஜினியருக்கு 44ஏடிஏ, வரவில் பாதி லாபம். மூன்றும் ஒரே மாதிரி ஏற்பாடுதான், ஊகத்தின் பேரில் லாபம். ஆனால் மளிகைக்கடைக்காரரும் டாக்டரும் நான்கு தவணை கட்ட வேண்டியதில்லை. மார்ச் 15-க்குள் ஒரே தடவையாகக் கட்டினால் போதும். லாரிக்காரருக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் நான்கிலும் கட்ட வேண்டும். லாரித் தொழிலை 44ஏடிக்குள் கொண்டுபோய் வைக்கவும் வழியில்லை, அந்தப் பிரிவே லாரியை விலக்கி வைத்திருக்கிறது.

ஒரே தெருவில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 கோடியே 68 லட்சத்துக்கு வியாபாரம் செய்யும் மளிகைக்கடைக்காரர். 26 லட்சத்து 88 ஆயிரம் வரவுள்ள டாக்டர். நான்கு லாரி வைத்திருக்கும் என் மருமகன். மூன்று பேருக்கும் சட்டப்படி லாபம் 13,44,000. இந்த வருட விகிதத்தில் மூன்று பேருக்கும் வரி, செஸ் சேர்த்து 84,864 ரூபாய். மூன்று பேரும் மார்ச் 15-ம் தேதி காலையில் ஒன்றாகப் போய் முழுத் தொகையையும் கட்டுகிறார்கள். முதல் இருவருக்கும் வட்டி இல்லை. மருமகனுக்கு 3,400 ரூபாய்க்கு மேல் வட்டி. அவன் செய்த குற்றம் என்ன? மளிகைச் சாமான் விற்காமல் அதை ஏற்றிக்கொண்டு வந்ததுதான்.

வருமான வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் திருச்சியில் இருக்கிறார். போனில் அவரிடம் பொரிந்து தள்ளினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லாரிக்கு ஊகமே கிடையாது சார். எடை தெரியும், மாதம் தெரியும், பெருக்கினால் வருமானம். ஜூனிலேயே துல்லியமாகத் தெரிகிற ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் தவணை" என்றார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மளிகைக்கடைக்காரருக்கு வருடக் கடைசி வரை விற்பனை தெரியாது. ஆனால் மார்ச் வரை நோயாளிகள் எத்தனை பேர் என்று தெரியாத டாக்டருக்கும் வருகிற பணம் அன்றன்றே மேஜை டிராயருக்குள் வந்துவிடுகிறது. லாரிக்காரனுக்கு வருமானம் காகிதத்தில் தெரியும், கையில்தான் வராது. ஆலைக்கு ஓட்டிய வாடகை பில் பாஸாகி வர ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகிறது என்கிறான். டீசலுக்கும் டோலுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் அன்றே ரொக்கம். மாதம் பிறந்தால் ஃபைனான்ஸ் தவணை. சட்டம் பெருக்கிப் பார்த்த 28,000 எந்தப் பையில் இருக்கிறது?

இதில் இன்னொரு முடிச்சு. பத்து லாரிக்குள் வைத்திருப்பவர் பான் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் வாடகையில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை. சலுகை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதன் விளைவு, முழு வரியும் அட்வான்ஸ் டாக்ஸாக வந்து நிற்கிறது. பிடித்தம் செய்திருந்தால் அவனுக்குத் தெரியாமலே வரி கட்டப்பட்டிருக்கும்.

போன ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். 2023-24-ம் வருடத்துக்கு இவனுக்கு வரி 1,23,552 ரூபாய். தவணை என்ற பேச்சே தெரியாமல் ஜூலைக் கடைசியில் மொத்தமாகக் கட்டினான். வட்டி 11,100 ரூபாய்க்கு மேல். அதே வருமானமுள்ள மளிகைக்கடைக்காரர் அதே நாளில் கட்டியிருந்தால் 6,200-க்குள் முடிந்திருக்கும். அவன் மனைவியின் இரண்டு வளையல் வங்கிக்குப் போய்த்தான் அந்தப் பணம் வந்தது. என் தங்கை இதை என்னிடம் சொன்னபோது ஆவணி பிறந்துவிட்டது. வளையல் இன்னும் திரும்பவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1971-ல், வருவாய்த் துறையில். இது ஜமாபந்தி மாதம் என்பதால் ஞாபகம் வருகிறது. கணக்குப்பிள்ளை மூட்டை மூட்டையாகக் கிராமக் கணக்குகளைக் கட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு வருவார். ஒவ்வொரு பட்டாதாரருக்கும் கிஸ்தி எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். குடியானவன் தன் விளைச்சலை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. தொகையைச் சர்க்கார் சொல்லும், அவன் கட்டுவான். மழை பொய்த்தால் வஜா உண்டு. கிடைத்ததா, முழுதாகக் கிடைத்ததா என்பதெல்லாம் வேறு கதை, அதில் நானும் சில பாவங்களுக்குச் சாட்சி. ஆனாலும் காய்ந்த நிலத்துக்கு வரியைத் தள்ள ஒரு வார்த்தையாவது கணக்கில் இருந்தது. ஓடாத லாரிக்கு வஜா என்ற வார்த்தையே இந்தச் சட்டத்தில் இல்லை.

அட்வான்ஸ் டாக்ஸும் வெள்ளைக்காரன் வைத்துப் போனதுதான். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944-ல், 1922-ம் வருடச் சட்டத்தில் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தேதிகள்கூட இதே ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. ஆனால் அன்று அதிகாரியே உத்தரவு அனுப்புவார், கடைசியாக முடிந்த மதிப்பீட்டின் பேரில், கால் பங்கு கால் பங்காகக் கட்டு என்று. வருமானம் குறையும் என்று நினைத்தால் சொந்த மதிப்பீடு கொடுக்கலாம். எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம், அப்படி முன்கூட்டிக் கட்டிய பணத்துக்குச் சர்க்கார் வருடம் 2 சதவீதம் வட்டி கொடுத்தது. உன் பணத்தை முன்னாலேயே வாங்குகிறேன், அதற்கு இந்தா என்று. போர் நடத்திக்கொண்டிருந்த அந்நிய அரசாங்கத்துக்கு இருந்த அந்தக் கூச்சம் இப்போது எங்கே போயிற்று? இன்று நாம் தாமதித்தால் மாதம் 1 சதவீதம். அவர்கள் ரீஃபண்ட் தர வேண்டியிருந்தால் மாதம் அரை சதவீதம்.

என் அக்கா குடும்பம் பிரான்சில் இருக்கிறது. அத்தான் அங்கே ஒரு சின்ன எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் "தியேர் புரொவிசியோனெல்" என்பார்கள். போன வருட வரியில் மூன்றில் ஒரு பங்கு பிப்ரவரியில், ஒரு பங்கு மே மாதத்தில், மீதியைக் கணக்குப் பார்த்து இலையுதிர் காலத்தில். தொகை அச்சடித்த காகிதத்தில் வீட்டுக்கு வரும். 2019 முதல் அதையும் மாற்றிவிட்டார்கள். சொந்தத் தொழில் செய்பவருக்கு அவருடைய கடைசி ரிட்டர்னைப் பார்த்து வரி இலாகாவே தவணையைக் கணக்கிட்டு வங்கிக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மாதாமாதம் வேண்டுமா, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேண்டுமா என்பது அவர் இஷ்டம். வருமானம் இறங்கினால் குறைக்கச் சொல்லலாம். அளவு மீறிக் குறைத்தால் அபராதம் உண்டு, அது நியாயம்தானே. அமெரிக்காவிலும் வருடத்துக்கு நான்கு தவணைதான். ஆனால் போன வருட வரி எவ்வளவோ அதை நான்காகப் பிரித்துக் கட்டிவிட்டால், பெரிய வருமானக்காரர் என்றால் அதில் 110 சதவீதம் கட்டிவிட்டால், இந்த வருடம் எத்தனை சம்பாதித்தாலும் அபராதம் கிடையாது. இப்படி ஒரு வரி நம் சட்டத்திலும் இருந்தால் மருமகன் ஜூனில் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. போன வருட ரசீதை எடுத்து நான்கால் வகுத்தால் போதும்.

என் கதையும் ஒன்று உண்டு, சொல்லாவிட்டால் முழுமையாகாது. 60 வயதான, தொழில் வருமானம் இல்லாத உள்நாட்டுவாசிக்கு அட்வான்ஸ் டாக்ஸ் கிடையாது. நல்ல சட்டம். 2018-19-ல் என்ன நடந்தது என்றால், காரைக்கால், புதுச்சேரியில் இருந்து பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்கள் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளை அனுப்புவார்கள். "எத்தா சிவில்" காகிதங்கள், எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அவற்றை மொழிபெயர்த்துக் கொடுத்ததில் அந்த வருடம் 70,000 ரூபாய் வந்தது. ஒழுங்காக ரிட்டர்னில் காட்டினேன். பிடித்தம் போக 13,800 சொச்சம் வரி பாக்கி வந்தது, ஜூலையில் கட்டினேன். அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாததற்கு 1,200 சொச்சம் வட்டி என்று அறிவிப்பு வந்தது. எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இரண்டு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறார். அவருக்கும் பாக்கி ஏறக்குறைய அதே தொகை, கட்டியதும் அதே மாதம். அவருக்கு வட்டி இல்லை, ஏனென்றால் வாடகை தொழில் வருமானம் அல்ல. திண்ணையில் உட்கார்ந்து வாடகை வாங்கினால் சலுகை, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மொழிபெயர்த்தால் வட்டி. தலைமையாசிரியர் என் நண்பர்தான், அவர் மேல் கோபமில்லை. மறு வருடத்தில் இருந்து மொழிபெயர்ப்புக்குப் பணம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். காபிப் பொடி கொண்டுவந்து தருகிறார்கள்.

12 லட்சம் வரை இந்த வருடம் வரியே இல்லை, இதெல்லாம் யாருக்கு என்று கேட்பீர்கள். உண்மை. மூன்று லாரி வைத்திருப்பவர் புதிய முறையில் இருந்தால் தப்பிவிடுகிறார். நான்காவது லாரியைக் கடன் போட்டு வாங்கியவன் மாட்டிக்கொள்கிறான். அவன் அம்பானி இல்லை.

புதிய வருமான வரி மசோதா கடந்த பிப்ரவரியில் மக்களவைக்கு வந்து, இப்போது 31 பேர் கொண்ட தேர்வுக் குழுவிடம் இருக்கிறது. மொழியை எளிமையாக்குவதுதான் நோக்கம் என்கிறார்கள். எளிமையாக்கட்டும். கூடவே மூன்றைச் செய்யலாம். மளிகைக்கடைக்கும் டாக்டருக்கும் கொடுத்த மார்ச் 15-ஐ லாரிக்காரனுக்கும் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு, போன வருட வரியைத் தவணையாகக் கட்டியிருந்தால் வட்டி இல்லை என்று ஒரு வாக்கியம் சேர்க்கலாம். வயதானவர் கொஞ்சம் உழைத்துச் சம்பாதித்தால் அந்தச் சலுகையை முழுவதும் பிடுங்காமல் ஒரு வரம்பு வைக்கலாம். மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் டெல்லிக்கு அனுப்பியிருக்கிறேன். பழைய குமாஸ்தா, நகல் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குத் தருகிறேன், உங்கள் பெயர் போட்டு அனுப்புங்கள். நம் தொகுதி எம்.பி.க்கும் ஒன்று.

சட்டம் மாறும்வரை கட்டத்தான் வேண்டும். முதல் தவணை 12,730 ரூபாய். திங்கட்கிழமை காலையில் மருமகன் வருவான், கம்ப்யூட்டரில் கட்டப்போகிறோம். தனியாகக் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அட்வான்ஸ் டாக்ஸ் என்றால் 100 என்ற எண், ரிட்டர்னோடு கட்டும் வரிக்கு 300. மாற்றி அழுத்தினால் பிறகு அலைய வேண்டும். லாரி வைத்திருப்பவர்கள் யாராவது என்னிடம் கணக்குப் பார்க்க வருவதானால் ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை என்ற இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன் கண் சரியாகத் தெரிவதில்லை.